நான்கு மணிக்குத் தண்ணீர் வரும்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. ‘சுண்டல்’ என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. (உண்மைப் பெயர் வேறு. இந்தப் பெயரை நான் வைத்தேன், சின்னது, சீக்கிரம் வேகும் என்பதால்.) அதன் இன்டர்பிரட்டருக்கு, அதாவது நாம் எழுதிக் கொடுப்பதை வரிவரியாகப் படித்து அந்தந்த இடத்திலேயே செய்து காட்டும் நிரலுக்கு, தமிழில் கையேடு எழுதித் தரச் சொன்னார்கள். தேதியையும் நேரத்தையும் அச்சிடும் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம் என்றிருந்தேன். பார்த்தால், அந்த அரைப் பக்க சமாசாரத்துக்காக இரண்டு பேர் இணையத்தில் ஒரு மாதமாகக் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். சண்டை அப்படியே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கையேட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படித்தேன்.

இருவரும் எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்கள் என்றுதான் நினைத்தேன். பாதியில் ஒருவர் மற்றவரைக் கேட்டிருந்தார்: “முடிச்சூர் ரோட்டுல தண்ணி எப்படி வரும்னு தெரிஞ்ச நீங்களே இப்படிப் பேசலாமா?” நான் பெருங்களத்தூரில் இருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது மூன்றே விஷயம். அந்தச் சண்டை, அது ஒரு மழை நாளோடு சட்டென்று நின்றுபோனது, அதற்குப் பிறகு சுண்டலுக்குள் சேர்க்கப்பட்ட ஒரு சின்னச் சோதனை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2

தொடக்கத்துக்கு மூன்று வரிகள் எழுதிப் பார்த்தேன்.

[மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் தாம்பரம் ஊறிப்போய்] — வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் இந்த ஊரில் தேவைக்கு மேல் இருக்கின்றன.

[ஸஹானா பிடிவாதக்காரி.] — இதுவும் வேண்டாம். இப்படிச் சொன்னால் நீங்கள் இப்போதே அவளைக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். நான் அவள் பக்கத்திலேயே நடந்துபோய்க் கதை சொல்ல வேண்டியவன்.

அபிதகுஜாம்பாள் மல்லாந்து படுத்திருந்தாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் ஆபத்து அவளுக்குத்தான். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தானாக எழுந்து உட்காரக் கூடாது, முதுகு வளையவே கூடாது. அவளை நகர்த்த வேண்டுமென்றால் கட்டிலின் பிளைவுட் பலகையோடு சேர்த்து நான்கு பேர் தூக்க வேண்டும். வீடு முடிச்சூரில், தரைத்தளம். இரண்டாயிரத்துப் பதினைந்தில் அந்த வீட்டில் தண்ணீர் ஜன்னல் கம்பியைத் தாண்டி நின்றது. அவளுடைய கணவர் ஜெயகிருஷ்ணன் பள்ளியில் இயற்பியல் வாத்தியார், அந்தக் காலனி நலச்சங்கத்தின் எடுபிடி, சண்டையில் ஒரு கட்சி.

இன்னொரு கட்சி ஸஹானா. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. சம்பளம் இல்லாமல், ஆசைக்காக, சுண்டலின் தேதி நேரப் பகுதியைப் பார்த்துக்கொள்பவள்.

3

சண்டை என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணினிக்கு உள்ளே காலையும் கிடையாது, மாலையும் கிடையாது. அது வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணை நாம் படிக்கிற மாதிரி எழுத, சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்து கொடுப்போம். இந்த எழுத்து என்றால் மணி, அந்த எழுத்து என்றால் நிமிடம். %p என்றால் ஏஎம் அல்லது பிஎம். இதுவரை புரிந்துவிட்டதா? சரி. சுண்டல் இந்த வேலையைத் தானே செய்யாது. எந்த மெஷினில் ஓடுகிறதோ அந்த மெஷினிடம் தள்ளிவிடும். மெஷினோ அது எந்த நாட்டுக்காக அமைக்கப்பட்டதோ அந்த ஊர்வழக்கப்படி பதில் சொல்லும்.*

(* கையேட்டில் இதை “அடிப்படை இயங்குதளத்தைப் பொறுத்தது” என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் வாசிப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நானும் பல வருஷமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.)

ஜெயகிருஷ்ணன் சுண்டலில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். மேற்கே ஏரியின் உபரி நீர்க் கால்வாயில் சங்கத்தார் ஒரு மிதவையைக் கட்டியிருந்தார்கள். நீர்மட்டம் ஏறினால் அந்தத் தண்ணீர் தங்கள் தெருவை எத்தனை மணிக்கு எட்டும் என்று நிரல் கணக்குப் போட்டுக் காலனியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும். பழைய லேப்டாப் படுத்துவிடவே, பழைய கணினிகள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு செகண்ட் ஹேண்ட் கணினிப் பெட்டி வாங்கி மாட்டினார். அது ஜெர்மனியில் யாரோ கழித்துப் போட்டது. ஜெர்மானியர்கள் இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுகிறவர்கள், அவர்களுக்கு ஏஎம் பிஎம் தேவையில்லை. ஆகவே அந்தப் பெட்டியிடம் %p கேட்டால் வெறும் வெற்றிடத்தைக் கொடுத்தது. லேப்டாப்பில் “04:00 பிஎம்” என்று வந்த அதே வரி இதில் “04:00” என்று வந்தது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாத்தியார் புகார் போட்டார். ஸஹானா ஒரே நாளில் அதை மூடினாள்.

“இது பக் இல்ல சார். உங்க மெஷினோட செட்டிங். மாத்திக்கோங்க.”

“மாத்திக்கத் தெரியும் மேடம். ஒரே வரி, ஒரே நேரம், எந்த மெஷின்ல ஓட்டினாலும் ஒரே பதில் வரணுமா வேண்டாமா? அதுக்குத்தானே நடுவுல நீங்க இருக்கீங்க?”

“ஊருக்கு ஊர் வழக்கம் இருக்கு. அதுல தலையிட நான் யாரு?”

“அப்ப பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். வாய மூடிக்கிட்டு காலியா விட்டா படிக்கறவன் என்ன பண்ணுவான்?”

(சண்டை ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில்தான் இதற்கு ருசி என்று மாற்றியிருக்கிறேன்.)

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

செட்டிங்கை மாற்றுவது ஒரு நிமிட வேலை. வாத்தியாருக்கே தெரியும் என்கிறார். வீட்டில் மனைவி படுத்த படுக்கை, மழைக்காலம் தலைக்கு மேல். பின்னே ஏன் மாற்றவில்லை? பத்து தடவை எழுதிப் பார்த்தும் இந்த மனிதர் எனக்குப் பிடிபடவில்லை. மறதி என்று எழுதினேன், பொருந்தவில்லை. வேலைப்பளு என்று எழுதினேன், அது விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருந்தது.

அப்புறம் நானே ஒரு நாள் அபார்ட்மெண்ட் கூட்டத்தில், உடைந்த குழாயைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டு வைத்து, “எல்லாரும் வந்து பாருங்க” என்று மூன்று வாரம் சொட்ட விட்டது நினைவுக்கு வந்தது. பிடிபட்டுவிட்டார். சரி செய்துவிட்டால் சண்டை முடிந்துவிடும். மேடம் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். பெட்டி கோணலாகவே இருந்தால்தான் அது சாட்சி. அந்தப் பெட்டி கணக்கிடும் மூல வினாடி எண்களைக்கூட, ஆதாரத்துக்காக, எல்லாரும் பார்க்கும்படி ஓர் இணையப் பக்கத்தில் ஓட விட்டிருந்தார்.

ஸஹானா மட்டும் என்ன கம்மியா? அவர் கேட்ட மாற்றத்தை அவள் எப்போதோ எழுதி முடித்துவிட்டாள். சுண்டலே ஏஎம் பிஎம் வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொள்ளும். மெஷினைக் கேட்காது. புரியாத எழுத்து வந்தால் சத்தம் போட்டு நிற்கும். நான்கைந்து வரிகள்தான். எழுதிப் பார்த்தபோது அவர் சொல்வது நியாயம் என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் வெளியிடாமல் தன் மெஷினில் வைத்திருந்தாள். அந்த வாத்தியாரிடமிருந்து ஒரு மரியாதையான கடிதம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இடையில் ஒரு தடவை தாம்பரத்தில் நேரிலேயே சந்தித்துக்கொண்டார்கள் என்று வைக்கிறேன். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. அவர் அவளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார், மனைவியின் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டு நம்பரையும் மனைவியின் நம்பரையும் கொடுத்தார். அவள் வருத்தமாகக் கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது, “ஆனா அந்த விஷயத்துல நான் விட மாட்டேன் மேடம்” என்றார். “நானும்தான் சார்” என்றாள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

5

இனிமேல் அந்த நாள்.

மதியம் ஸஹானா டிபன் பாக்ஸைத் திறந்தபோது வாத்தியாரிடமிருந்து ஒரு படம் வந்தது. காலனிக் குழுவுக்குப் பெட்டி அனுப்பிய செய்தி: “நம் தெருவைத் தண்ணீர் எட்டும் நேரம் (கணிப்பு) 04:00.” அடியில் அவருடைய குறிப்பு: “பார்த்தீங்களா மேடம் உங்க நியாயத்த. காலையா சாயந்தரமான்னு போடல. விடியக்காலை நாலுன்னு நாங்களே வச்சிக்கிட்டோம்.”

அவர்களே வைத்துக்கொண்டார்கள். இதை எழுதிவிட்டு நானே திரும்பத் திரும்பப் படித்தேன். புகார் போட்ட மனிதரே வெற்றிடத்தைத் தன் கையால் நிரப்பியிருக்கிறார். ஏனென்று கேட்டால் முடிச்சூரில் யாரும் சொல்வார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்தில் தண்ணீர் எல்லாரும் தூங்கும்போது வந்தது. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் விடியற்காலை, அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். குழுவில் ஒருவர் ‘காலைல நாலு’ என்றார், இன்னொருவர் ‘அப்ப மாதிரியே’ என்றார், முடிந்தது.

ஸஹானா முதலில் சிரித்தாள். இதையும் நான் மறைக்கப் போவதில்லை. அவரே மாட்டிக்கொண்டார் என்று ஒரு சின்ன சந்தோஷம். அவருக்குச் சுருக்கென்று ஒரு பதில் போடலாம் என்று அந்த இணையப் பக்கத்தைத் திறந்து மூல எண்ணை எடுத்தாள். எண்ணைச் சுண்டலிடம் கொடுத்து இருபத்துநான்கு மணிக் கணக்கில் கேட்டாள்.

16:00.

தேதியைக் கேட்டாள். இன்றைய தேதி.

மறுபடி கேட்டாள். அதே பதில். வாத்தியாருக்கு அடித்தாள், ஸ்விட்ச் ஆஃப். அவருடைய மனைவிக்கு அடித்தாள்.

“ஹலோ ஆன்ட்டி, நான் ஸஹானா. சாரோட...”

“சண்டைக்காரப் பொண்ணா? சொல்லும்மா. சார் ஆம்புலன்ஸ் பேசி வைக்க தாம்பரம் போயிருக்கார். இன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்கு வரச் சொல்லி. நேத்துலேர்ந்து கரண்ட் இல்ல, அந்தப் பெட்டி மட்டும் சங்கத்து பேட்டரில ஓடுது, அவர் ஃபோன் செத்துப்போயிருக்கும்.”

“ஆன்ட்டி, தண்ணி விடியக்காலை இல்ல. இன்னிக்கு சாயந்தரம் நாலு மணி.”



“இப்ப மணி என்ன?”

“ரெண்டரை தாண்டிடுச்சு.”

“நான் படுத்திருக்கேனே, ஸஹானா.”

“வீட்ல யாரு இருக்கா?”

“அங்காளம்மா சமைச்சு வச்சிட்டுப் போயிட்டா. எதிர் வீட்டு மாடியில வேதசிரோமணி சார் இருக்கார், எண்பது வயசு. அவரால என்ன ஆகும். ஆம்பளைங்க எல்லாம் காரை பாலத்துல நிறுத்தப் போயிட்டாங்க.”

“குரூப்ல போடுங்க ஆன்ட்டி. உடனே.”

“போடறேன். என் ஃபோன்லயும் பேட்டரி சிவப்பு காட்டுது.” பிறகு குரல் தணிந்தது. “சார் மேல கோவப்படாதே. உன்கிட்ட தோக்கக் கூடாதுன்னு அந்தப் பெட்டிய அப்படியே வச்சிருந்தார். நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன்.”

ஸஹானாவுக்குத் தன் மெஷினில் தூங்கிக்கொண்டிருந்த நான்கைந்து வரிகள் நினைவுக்கு வந்தன. “நான் வரேன் ஆன்ட்டி” என்றாள். அதற்குள் லைன் போயிருந்தது.

6

அவசர எண்களுக்கு அடித்தாள். மழை நாளில் ஊரே அடித்துக்கொண்டிருந்தது, லைன் கிடைக்கவில்லை. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். மழைக் கோட்டை மறந்துவிட்டாள்.

[ஜிஎஸ்டி ரோட்டில் வாகனங்கள் எறும்புகளைப் போல] — அடித்துவிட்டேன். அவள் பதறிக்கொண்டு போகிறாள், நான் எறும்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேம்பாலத்தில் ஏறியதும் ஸ்கூட்டி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், நகர இடமில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் படித்தால் உடனே ஏன் என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளம் வரும் என்று செய்தி வந்தால் நாங்கள் முதலில் செய்வது காரை எடுத்துக்கொண்டுபோய்ப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்துவது. பதினைந்தில் கார்கள் முழுகிப் பட்ட பாடு அப்படி. பாலத்தின் இரண்டு ஓரமும் வரிசையாகக் கார்கள். கவர் போட்டு, வைப்பரைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடியில் பிள்ளையாரோடு. மனிதர்களைச் சாவகாசமாகக் கரையேற்றலாம், விடியற்காலைக்கு நிறைய நேரம் இருக்கிறதே.

ஸஹானா நடுப்பாலத்தில் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டாள். முடிச்சூர்க் காலனி ஆண்கள் இங்கேதான் எங்காவது இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. குடை பிடித்துக்கொண்டு கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தவர்களிடம் போனாள்.

“முடிச்சூர்ல ஜெயகிருஷ்ணன் சார் தெரு யாராவது இருக்கீங்களா?”

நாலைந்து பேர் திரும்பினார்கள். அவர்களில் தோத்தாத்ரி என்ற வங்கிக்காரர் சொன்னார், “நாங்கதான். என்னம்மா?”

“தண்ணி இன்னிக்கு நாலு மணிக்கு வருது. அவரோட வைஃப் தனியா இருக்காங்க. தூக்கறதுக்கு ஆள் வேணும்.”

“நாளைக்கு விடியக்காலைம்மா. சாரே குரூப்ல போட்டிருக்காரு.”

“சார் தப்பாப் போட்டுட்டார்.”

“அவர் எழுதின ப்ரோக்ராம். அவருக்குத் தெரியாதா? நீங்க யாரு?”

நியாயமான கேள்வி. முன்பின் தெரியாத, தொப்பலாக நனைந்த ஒரு பெண் வந்து, ஊரே ஒப்புக்கொண்ட நேரத்தை மாற்று என்கிறாள். யார் கேட்பார்கள்? ஃபோனைக் காட்டினாள். பதினாறு என்ற எண்ணைப் பார்த்து ஒருவர், “இது வேற ஏதோ கணக்கு” என்றார். ஓரமாக ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ரத்தினம் மட்டும் தலையை நீட்டினான். அந்தக் காலனிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவன்.

“இன்னா மேடம், ரோட்டுல தண்ணியே நிக்கல, நீ தண்ணி வருதுன்னு சொல்லிகினு கீறே?”

ஒரு மாதமாகச் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த வாக்கியம் ஸஹானாவிடம் ஒன்று இருந்தது. அதை இணையத்தில் நாலு வரியில் எழுதியிருந்தால் யாரும் நனைந்திருக்க மாட்டார்கள். இப்போது பாலத்தில், முகம் தெரியாத ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று.

“அந்த நேரத்த எழுதிக் காட்டற வேலை என்னோடது. ஏஎம் பிஎம் வராம விட்டது நான்தான். சார் ஒரு மாசமா கத்திக்கிட்டு இருந்தார், நான் கேக்கல. தப்பு என்னோடது. அது சாயந்தரம் நாலுதான். என்னை நம்பாட்டி போங்க, ஒரு நாலு பேர் மட்டும் வாங்க.”

ரத்தினம் பீடியைக் கீழே போட்டான்.

“தப்பு என்னுதுன்னு யாராவது சும்மா சொல்லுவாங்களா சார்? ஏறு. மேடம், உன் வண்டிய இங்கியே வுடு.”

தோத்தாத்ரியும் இன்னும் இருவரும் ஸஹானாவோடு ஏறினார்கள், ரத்தினம் எதிர்த் தடத்தில் புகுந்து ஆட்டோவை இறக்கினான். தோத்தாத்ரி ஏறும்போதே குழுவில் பதிவுசெய்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

7

தெருவில் தண்ணீரே நிற்கவில்லை.

இதைத்தான் நான் மிகவும் பயந்து எழுதுகிறேன். தண்ணீர் நின்றிருந்தால் ஒரு பேச்சு. தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. தூறல்கூட விட்டிருந்தது. வேதசிரோமணி மாடியில் நின்றுகொண்டு கை காட்டினார். ஆட்டோவிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் ஸஹானாவைத் திரும்பிப் பார்த்தார், பார்த்த பார்வை நன்றாக இல்லை.

மணி நாலு ஆகவில்லை. வாத்தியாரின் கணக்கு கணிப்புதான், கொஞ்சம் முன்னே இருக்கலாம், பின்னே இருக்கலாம்.

அப்போது சாக்கடை மூடி ஒன்று கடகடவென்று ஆடியது. முடிச்சூரில் தண்ணீர் தெருமுனையிலிருந்து வராது, முதலில் காலடியிலிருந்து வரும். மூடியின் ஓரத்தில் கறுப்பாக நுரை கட்டி, வழிந்து, நாயின் பக்கம் ஓடியது. நாய் எழுந்து நகர்ந்து படுத்தது.

“வந்துகினு கீது சார்,” என்றான் ரத்தினம்.

ஓடினார்கள். வாசல் கேட் தாழிட்டிருந்தது, தோத்தாத்ரி ஏறிக் குதித்துத் திறந்தார். வாசற்படிக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஸஹானா “ஆன்ட்டி” என்று கூப்பிட்டாள். பதில் வந்ததா இல்லையா என்று

8

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்க முடியாமல் இல்லை. இரண்டு விதமாக முடித்து வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் நான்கு பேரும் பலகையோடு அபிதகுஜாம்பாளைத் தூக்கி எதிர் வீட்டு மாடிக்குக் கொண்டுபோகிறார்கள். படியில் திரும்பும்போது, “மெதுவாப் போங்க, நான் ஒண்ணும் ஃப்ரிட்ஜ் இல்ல” என்கிறாள். வாத்தியார் இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்து, மாடியில் நனைந்து நிற்கும் ஸஹானாவிடம் ஒரு துண்டை எடுத்து நீட்டுகிறார். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மேல்தான் சந்தேகம்.

இரண்டாவது முடிவை எழுதினேன். அதை இங்கே போடவில்லை.

உண்மையைத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடிச்சூர் எனக்கு ஒரு பஸ் தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பவும் செய்தேன். அந்தத் தெருமுனை வரை போய்ச் சாக்கடை மூடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

ஆகவே, எழுத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு சண்டையில் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து ஸஹானா மாற்றத்தை வெளியிட்டாள். இப்போது சுண்டல் எந்த மெஷினையும் கேட்பதில்லை. ஜெர்மன் பெட்டியானாலும் சரி, ஜப்பான் பெட்டியானாலும் சரி, அதே நேரத்தை அதே மாதிரி சொல்கிறது. தெரியாத எழுத்து வந்தால் தெரியவில்லை என்று சொல்லி நிற்கிறது. அதன் கீழே, பக்கம் பக்கமாக எழுதுகிற ஜெயகிருஷ்ணன் ஒரே வார்த்தை போட்டிருக்கிறார்: “சரி.”

கூடவே ஒரு சோதனையையும் ஸஹானா சேர்த்திருக்கிறாள். அந்த நாளின் நான்கு மணியை எடுத்துச் சுண்டலிடம் கொடுக்கிறது. “பிஎம்” என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சுண்டல் வெளியே போகாது. உலகத்தில் எந்த மூலையில் யார் அதைப் புதிதாகக் கட்டி எழுப்பினாலும், முதலில் அந்தப் பிற்பகல் நான்கு மணி ஒரு தடவை வந்துவிட்டுத்தான் போகும். அவர்களுக்கு முடிச்சூர் தெரியாது.

அந்தச் சோதனைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், வைத்திருக்கிறாள்: அபிதகுஜாம்பாள்.

பிழைத்து வந்தவளுக்குச் சொல்லும் நன்றியாகவும் அப்படிப் பெயர் வைப்பார்கள். இல்லாமல் போனவளின் நினைவாகவும் வைப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதும் இடம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விட்டிருக்கிறாள்.

கையேட்டில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது, இன்னும் எழுதவில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். காலியான இடத்தைப் பார்த்தால் நமக்குப் பழகிய பயத்தையோ பழகிய ஆசையையோ எடுத்துப் போட்டுவிட்டு, இதுதான் நேரம் என்று சொல்லிவிடுவோம். முடிச்சூர்க்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். நீங்கள் நிரப்பும்போது கொஞ்சம் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

மணி நாலு. தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது. ஸஹானா கதவைத் தள்ளினாள். உள்ளே, கட்டிலில், அபிதகுஜாம்பாள்